ரேடார் டிடெக்டரா, வேஸ் போதுமா? ரோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நியூஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்குக் காரில் கிளம்பும் ஒருவர், 700 டாலர் கொடுத்து, போலீஸ் ரேடாரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ரேடார் டிடெக்டர் வாங்கி முன் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் ஸ்டேட் போலீஸ் ரேடார் வைத்து நின்றால் அது கத்தும். கொடுத்த காசுக்கு வேலை செய்தது, சரி. அப்புறம் டர்ன்பைக்கை விட்டு இறங்கி, ஏதோ ஒரு சின்ன ஊரின் 35 மைல் ரோட்டில் அந்த ஊர் போலீஸ்காரர் அவரை நிறுத்துகிறார். டிடெக்டர் வாயே திறக்கவில்லை.

கருவியில் கோளாறு எதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் ரேடார் வைத்துக்கொள்ள ஸ்டேட் போலீஸுக்குத்தான் அனுமதி. உள்ளூர் போலீஸுக்கு இல்லை. இதை மாற்ற மசோதாக்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. ஊர்ப் போலீஸ் என்ன செய்கிறது என்றால், ரோட்டில் குறுக்காக இரண்டு வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்கு வர உங்களுக்கு எத்தனை நொடி ஆனது என்று பார்க்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். நாம் ஆறாம் வகுப்பில் போட்ட கணக்குத்தான். இந்த முறைக்கு வாஸ்கார் என்று பெயர். இதில் ரேடியோ அலையும் இல்லை, லேசரும் இல்லை; டிடெக்டர் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அதனால் "எந்த டிடெக்டர் நல்லது?" என்பது இரண்டாவது கேள்விதான். நீங்கள் வழக்கமாக ஓட்டும் ரோட்டில் போலீஸ் எதை வைத்து வேகம் அளக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் கார் ஓட்டும் நம்மவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு இருக்கும் வழிகள்: எதையும் வாங்காமல், வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை நம்புவது, போனில் வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியைப் போட்டுக்கொள்வது, 100 டாலருக்குள் ஒரு டிடெக்டர், 300-லிருந்து 500 டாலர் வரை ஒன்று, 600-க்கு மேல் ஒன்று, கடைசியாக, போலீஸின் லேசர் அளவீட்டைக் கெடுக்கும் லேசர் ஜாமர்.

டிடெக்டருக்கு எது கேட்கும், எது கேட்காது

ரேடார் துப்பாக்கி ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. காரில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்கிறது. அலை போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். வந்து சேர்வதற்குள் வெகுவாக நலிந்துவிடும். டிடெக்டருக்கோ போகிற அலை மட்டுமே போதும். போலீஸ்காரர் உங்கள் வேகத்தைப் படிப்பதற்கு முன்பே அவர் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிவது இதனால்தான். சமதளமான நெடுஞ்சாலையில் ஒரு மைலுக்கு முன்பே எச்சரிக்கை வருவதுண்டு. மலை வளைவுகளில் அது சில நூறு அடியாகச் சுருங்கிவிடும்.

போலீஸ் ரேடார் மூன்று அலைவரிசைகளில் வருகிறது. எக்ஸ் பேண்ட் 10.525 கிகாஹெர்ட்ஸ், இது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. கே பேண்ட் 24.150-ஐச் சுற்றி. கேஏ பேண்ட் 33.4-லிருந்து 36.0 வரை. இந்தக் கேஏவில்தான் இன்றைய போலீஸ் கருவிகள் நிறைய இயங்குகின்றன, அதுவும் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று எண்களின் அருகில். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதிர்வெண்ணைத் திரையில் காட்டும் டிடெக்டரில் 34.7 என்று வந்தால் அநேகமாக அது போலீஸேதான்.

கே பேண்ட் கதை வேறு. கடைகளின் தானியங்கிக் கதவுகள் அந்த அலைவரிசையில் இயங்குகின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, பக்கத்து லேனில் வண்டி வந்தால் பக்கக் கண்ணாடியில் விளக்கு எரிகிறதே, அந்த பிளைண்ட் ஸ்பாட் ரேடார். பல கார்களில் அதுவும் 24 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. டர்ன்பைக்கில் ஒரு எஸ்யூவி உங்களைத் தாண்டும்போது திரையில் 24.1 சொச்சம் என்று ஒரு எண் எழும். கீச்சென்று ஒரு சத்தம். வண்டி போனதும் அடங்கும். அடுத்த எஸ்யூவி, மறுபடியும் கீச். மாலை ஆறு மணி டிராஃபிக்கில் இதைக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர யாருக்கும் பொறுமை இருக்காது. புதிய கார்கள் 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன என்றாலும், ரோட்டில் ஓடும் பழைய வண்டிகள் காணாமல் போக இன்னும் காலம் ஆகும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, ரேடாரை எப்போதும் எரியவிட்டு வைக்காமல், கார் கிட்டே வந்ததும் பொத்தானை அழுத்தி அளக்கும் போலீஸ்காரர்கள் உண்டு. ரோட்டில் நீங்கள் மட்டும் தனியாகப் போனால், டிடெக்டர் கத்தும் நேரமும் உங்கள் வேகம் அவர் திரையில் விழும் நேரமும் ஒன்றுதான். உங்களுக்கு முன்னால் அரை மைலில் இன்னொரு வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தால், அதை அளக்கும்போது சிதறும் அலை உங்களை எட்டும். அப்போதுதான் டிடெக்டரால் பயன்.

இரண்டாவது லேசர். 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. 1,000 அடி தூரத்தில் அந்தக் கதிரின் அகலம் ஏறக்குறைய 3 அடி. நம்பர் பிளேட்டைக் குறிவைத்து அழுத்தினால் அரை நொடிக்குள் வேகம் கிடைத்துவிடும். டிடெக்டர்கள் லேசரையும் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், பொய்யில்லை, பிடிக்கும்தான். ஆனால் அது கத்துவது பெரும்பாலும் "மாட்டிக்கொண்டாய்" என்று தெரிவிப்பதற்குத்தான். பின்னாலேயே அதே வேகத்தில் வந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்து எழுதும் போலீஸையோ, ஒஹாயோ மாதிரி மாநிலங்களில் விமானத்திலிருந்து கணக்குப் போடுபவர்களையோ எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது.

வேஸ் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. 2013-இல் கூகுள் வாங்கிய வேஸ் செயலியில் முன்னால் போகிறவர்கள் போலீஸைப் பார்த்ததும் தட்டிவிடுகிறார்கள்; பின்னால் வரும் நமக்குத் தெரிகிறது. 2019-லிருந்து கூகுள் மேப்ஸிலும் இந்த வசதி உண்டு. காசு கிடையாது. மனிதக் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இதில் வரும்: லேசர் வைத்திருப்பவர், வாஸ்கார் கோட்டருகே நிற்பவர், சும்மா ஓரமாக நிறுத்திக் காபி குடிப்பவர் எல்லோரும்.

நியூஜெர்சியின் எடிசனிலிருந்து நியூயார்க்குக்கோ பிரின்ஸ்டனுக்கோ தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு நான் டிடெக்டர் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த ரோட்டில் எந்நேரமும் கூட்டம். வேஸில் தகவலுக்குப் பஞ்சமில்லை. நியூஜெர்சியில் வேகக் கேமராவுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகரத்துக்குள் போனால் கதை நேர் எதிர். பள்ளி வட்டாரக் கேமராக்கள் 2022 ஆகஸ்ட் முதல் 24 மணி நேரமும், வாரம் முழுதும் ஓடுகின்றன. எல்லையை 10 மைலுக்கு மேல் தாண்டினால் 50 டாலர் வீட்டுக்கு வரும். இந்த மாதிரிக் கேமராக்களில் சில மிகக் குறைந்த சக்தியில் ரேடார் அனுப்புவதால், சாதாரண டிடெக்டர் அவற்றைக் கவனிக்காமலே போய்விடும். கேமரா இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் வைத்துச் சொல்லும் செயலிதான் அங்கே உருப்படியான உதவி.

வேஸ் கைவிடுவது ஆளில்லாத ரோட்டில். இரவு இரண்டு மணிக்கு ஐ-80 நெடுஞ்சாலையில் பென்சில்வேனியாவின் நடுவே போகும்போது உங்களுக்கு முன்னால் தட்டிவிட யார் இருக்கிறார்கள்? பல இடங்களில் சிக்னலும் இருக்காது. அந்த மாதிரி ரோட்டில்தான் டிடெக்டருக்கு மவுசு. இன்னொரு சங்கடம், தகவல் பழசாகிப் போவது: போலீஸ் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆன பிறகும் திரையில் அந்தப் போலீஸ் தொப்பிப் படம் நின்றுகொண்டிருக்கும். அப்புறம், ஓட்டிக்கொண்டே போனைக் கையிலெடுத்துத் தட்டாதீர்கள். நியூஜெர்சியில் அதற்கு முதல் தடவையே 200-லிருந்து 400 டாலர் வரை அபராதம். வேகத்துக்கான சின்ன டிக்கெட்டைவிட அதிகம்.

விலைவாரியாகப் பார்த்தால்

"மச்சான், 80 டாலருக்கு ஒன்னு இருக்கே, அது போதாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. போதாது. நூறு டாலருக்குக் கீழே வரும் டிடெக்டர்களுக்குக் கேஏ அலை தொலைவிலிருந்து கேட்காது. பிளைண்ட் ஸ்பாட் சத்தத்தை வடிகட்டவும் தெரியாது. பத்து நாளில் அதன் கத்தலைப் பொருட்படுத்தாமல் ஓட்டப் பழகிவிடுவீர்கள். உண்மையான கேஏ வரும்போதும் அதே பழக்கம்தான் வரும். இந்த விலையில் வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதே மேல்.

அடுத்த படி, 300 டாலரை ஒட்டி யூனிடென் ஆர்3. அதற்கு மேலே ஆர்4. இரண்டிலும் ஜிபிஎஸ் உண்டு. அதனால்தான் இவற்றைச் சொல்கிறேன். தினமும் தாண்டும் மருந்துக்கடைக் கதவு ஒரே இடத்தில் ஒரே எண்ணில் கத்தினால், அந்த இடத்தை நினைவில் வைத்து அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளச் சொல்லலாம். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகும்போது எல்லாச் சத்தத்தையும் நிறுத்தலாம். திரையில் அதிர்வெண் தெரியும். மாதத்தில் ஒரு நீண்ட பயணம் போகிற குடும்பத்துக்கு இதற்கு மேல் தேவைப்படாது என்பதுதான் என் கணிப்பு.

வேலன்டைன் ஒன் ஜென்2 2020-இல் 500 டாலரை ஒட்டிய விலையில் வந்தது. இதன் முன்னோடிக்கு 1992-இலிருந்தே ஒரு பேர் உண்டு: அம்புக்குறி. சமிக்ஞை முன்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா என்று அது காட்டும். போலீஸைத் தாண்டிவிட்டோமா, இன்னும் முன்னால்தான் இருக்கிறாரா, இன்னொருவர் வேறு இருக்கிறாரா என்ற குழப்பம் இதில் தீர்ந்துவிடும். ஆனால் இதில் ஜிபிஎஸ் கிடையாது. ப்ளூடூத் வழியாகப் போனோடு இணைத்து, ஒரு செயலியை ஓடவிட்டால்தான் பழகிய இடங்களின் சத்தத்தை அடக்க முடியும். நோண்டிப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவருக்கு இது விளையாட்டு மைதானம். வண்டியைக் கிளப்பினோமா போனோமா என்று இருப்பவருக்கு எரிச்சல்.

அம்பும் ஜிபிஎஸ்ஸும் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் யூனிடென் ஆர்8, எஸ்கார்ட் ரெட்லைன் 360சி வகையறா. 600-லிருந்து 800 டாலர் வரை. எஸ்கார்ட் கருவிகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் பொய்ச் சத்தத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு அடக்கிவிடும். நீங்கள் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. தூரத்தில் கேட்கும் திறன் எல்லாவற்றிலும் நன்றாகவே இருக்கிறது. ஆர்3-ஐவிட இவை இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கேட்கும் என்பதற்காக இரண்டு மடங்கு காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்புக்குறிக்காகக் கொடுக்கிறீர்கள் என்றால் சரி, அது தினமும் பயன்படும்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1974-இல் எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா முழுதும் 55 மைல் என்று வேக எல்லை வைத்தார்கள். டிடெக்டர் வியாபாரம் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். 1978-இல் ஜிம் ஜெய்கரும் மைக் வேலன்டைனும் சேர்ந்து நடத்திய சின்சினாட்டி மைக்ரோவேவ் நிறுவனம் எஸ்கார்ட்டைக் கொண்டுவந்தது. 1983-இல் இருவரும் பிரிந்தார்கள். வேலன்டைன் தனியாகப் போய்த் தன் பெயரிலேயே ஒன்று செய்தார். எஸ்கார்ட்டா, வேலன்டைனா என்று இன்றுவரை ஆட்கள் மல்லுக்கட்டுவதை ஒரு பங்காளிச் சண்டையின் மிச்சம் என்றே சொல்லலாம்.

லேசர் ஜாமரைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா, டெக்சாஸ், வர்ஜீனியா உட்படப் பல மாநிலங்களில் அது சட்டவிரோதம். ரேடார் ஜாமர் நாடு முழுக்கவே குற்றம். டிடெக்டர் கேட்கிறது, ஜாமர் போலீஸின் அளவீட்டைக் கெடுக்கிறது; இரண்டும் ஒன்றல்ல. விசாவில் இருக்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எல்லை தாண்டும்போது

சொந்தக் காரில் ரேடார் டிடெக்டர் வைத்திருப்பது அமெரிக்க மாநிலங்களில் சட்டப்படி சரிதான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று வர்ஜீனியா. அதை ஒட்டிய வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. மற்ற மாநிலங்களிலும் ராணுவ முகாமுக்குள் போகும்போது கூடாது. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக லாரிகளில் நாடு முழுக்கக் கூடாது.

நம்மவர்கள் நியூஜெர்சியிலிருந்து வட கரோலினாவுக்கு ஐ-95-இல் போகும்போது வர்ஜீனியாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மேரிலாந்து எல்லையிலேயே ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி, டிடெக்டரைக் கழற்றி, வயரோடு சுருட்டி டிக்கியில் போட்டுவிடுங்கள். மின் இணைப்பு இல்லாமல், ஓட்டுநர் கைக்கோ பயணிகள் கைக்கோ எட்டாத இடத்தில் இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. கிளவ் பாக்ஸில் போடுவது கைக்கு எட்டும் இடமாகிவிடும். டிடெக்டரிலிருந்து கசியும் சின்ன அலையைப் பிடிக்கும் கருவிகள் போலீஸிடம் உண்டு. எஸ்கார்ட்டோ யூனிடெனோ, மறைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

வர்ஜீனியாவில் டிடெக்டரைவிட வேகம்தான் பெரிய வில்லங்கம். 85 மைலைத் தாண்டினாலோ, எல்லைக்கு மேல் 20 மைல் கூடினாலோ அது சாதாரண டிக்கெட் இல்லை. ரெக்லஸ் டிரைவிங் என்ற கிரிமினல் குற்றம். முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றங்களிலேயே கடுமையான வகை. அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம். எல்லை 70 மைலாக இருக்கும் இடத்தில் 86 போனாலே இந்தக் கணக்கில் விழுந்துவிடும். கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485-இல் கைது, குற்றச்சாட்டு பற்றியெல்லாம் கேட்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மாநிலத்தில் க்ரூஸ் கன்ட்ரோலை அந்தந்த ரோட்டின் வேக எல்லையில் வைத்துவிட்டு ராஜா பாட்டு கேட்டுக்கொண்டு போவதே உத்தமம்.

வடக்கே டொரான்டோவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: ஒன்டாரியோவில் காரில் வைத்திருப்பதே குற்றம், இயங்குகிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. பிடுங்கிக்கொள்வார்கள். கியூபெக்கிலும் தடை. அந்தப் பயணத்துக்கு டிக்கியும் வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வாங்கியாகிவிட்டது, அப்புறம்?

முன் கண்ணாடியில் ரியர் வியூ கண்ணாடிக்கு அருகில், ரோட்டுக்கு இணையாக, முன்னும் பின்னும் மறைப்பில்லாமல் மாட்டுங்கள். டேஷ்போர்டில் வைத்தால் வைப்பர் குச்சியும் பானட்டும் மறைக்கும். உலோகப் பூச்சு கலந்த டின்ட்டுக்குப் பின்னால் வைத்தால் அலை பாதிகூட உள்ளே வராது. 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து தொங்கும் வயர் அசிங்கமாக இருந்தால், ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு இணைப்பு எடுத்து மேல் ஓரமாக ஒளித்து ஓட்டலாம். எந்தக் கார் ஸ்டீரியோ கடைக்காரரும் செய்து கொடுப்பார். காரைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போகும்போது கருவியைக் கழற்றி உள்ளே வையுங்கள். திருடனுக்காக மட்டும் இல்லை, ஜூலை வெயிலுக்காகவும்.

பெட்டியிலிருந்து எடுத்த அமைப்போடு யாரும் ஓட்டாதீர்கள். எக்ஸ் பேண்டை அணையுங்கள். நியூஜெர்சியிலும் ஒஹாயோவிலும் பழைய எக்ஸ் கருவிகள் மற்ற இடங்களைவிட நெடுநாள் ஓடின என்பதால் அங்கே சிலர் அதை விட்டுவைப்பார்கள். பிளைண்ட் ஸ்பாட் வடிகட்டியை இயக்குங்கள். 20, 25 மைலுக்குக் கீழே சத்தம் வேண்டாம் என்று வையுங்கள். கே, கேஏ இரண்டுக்கும் வேறு வேறு ஒலி கொடுங்கள். திரையைப் பார்க்காமலே காதால் பிரித்தறிய அது உதவும். மென்பொருளையும் கேமரா பட்டியலையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். சில கருவிகளுக்கு இதற்குக் கேபிளும் கம்ப்யூட்டரும் தேவை.

கேஏ சத்தம் கேட்டதும் பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்காதீர்கள். பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறுவார். முன்னால் நிற்கும் போலீஸ்காரரும் வண்டியின் மூக்கு சடாரென்று தாழ்வதைப் பார்த்து, இவனிடம் டிடெக்டர் இருக்கிறது என்று புரிந்துகொள்வார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வேகம் தானாக இறங்கட்டும். 75 போய்க்கொண்டிருந்தால் இதற்கு நேரம் போதும். 95 போனால் போதாது. அந்த வேகத்துக்கு உதவும் டிடெக்டர் எந்த விலையிலும் இல்லை. நியூஜெர்சியில் லைசென்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளிகள் உண்டு: எல்லைக்கு மேல் 14 மைல் வரை 2 பாயிண்ட், 15-லிருந்து 29 வரை 4 பாயிண்ட், 30-க்கு மேல் 5. மூன்று வருடத்தில் ஆறு சேர்ந்தால் மாநிலம் தனியாகக் கட்டணம் வசூலிக்கும். இன்ஷூரன்ஸ் ஏறுவது அதற்கு மேல்.

வாங்கும் கடையில் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் வழக்கமான வழியிலும் ஒரு நீண்ட பயணத்திலும் வேஸையும் சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். வேஸ் சொல்லாத எதையும் டிடெக்டர் சொல்லவில்லையென்றால், பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.